வளரும் நகரத்துக்குக் குழாயும் சாக்கடையும் யார் பணத்தில் வரும்?

கேள்வி சுருக்கமாக இதுதான்: "எங்கள் ஊர் நகராட்சியாக இருந்து இப்போது மாநகராட்சி ஆகிவிட்டது. ஊருக்கு வெளியே ஐந்தாறு கிலோமீட்டர் வரை வீடுகள் வந்துவிட்டன. ஆனால் பாதாளச் சாக்கடை இல்லை, குடிநீர் போதவில்லை, ஒரு மழைக்குச் சாலை தாங்குவதில்லை. கேட்டால் நிதி இல்லை என்கிறார்கள். வளரும் நகரத்துக்கு வேண்டியதை முன்கூட்டியே திட்டமிட்டு, அதற்குப் பணமும் திரட்ட உண்மையிலேயே வழி இருக்கிறதா?"

இருக்கிறது. தமிழ்நாட்டிலேயே அதைச் செய்துகாட்டிய ஊர்கள் உண்டு. செய்யப்போய்ச் சிக்கிக்கொண்ட ஊரும் உண்டு. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் பதில் உபயோகமாக இருக்கும்.

முதலில் ஒரு குழப்பத்தை விலக்கிவிடலாம். "பணம் எங்கிருந்து வரும்" என்பதற்குள் இரண்டு கேள்விகள் ஒளிந்திருக்கின்றன. இன்று கான்ட்ராக்டருக்குக் கொடுக்க யார் பணம் தருவது? அந்தப் பணத்தை அடுத்த இருபது வருடங்களில் யார் அடைப்பது? வீட்டுக் கடன் வாங்கியவர்களுக்கு இது சட்டென்று புரியும். வங்கி பணம் தந்தது என்பதற்காக, வங்கி எனக்கு வீடு கட்டிக் கொடுத்தது என்று யாரும் சொல்வதில்லை. மாதச் சம்பளம்தான் வீட்டைக் கட்டுகிறது. ஆனால் நகர விஷயத்தில் மட்டும் "உலக வங்கி நிதியில் குடிநீர்த் திட்டம்", "ஜப்பான் நிதியில் மெட்ரோ" என்று செய்தி வந்தால் விஷயம் தீர்ந்துவிட்டதாக நினைத்துக்கொள்கிறோம். உலக வங்கி, ஆசிய வளர்ச்சி வங்கி, கடன் பத்திரம் வாங்குபவர்கள், தனியார் கூட்டாளி எல்லாரும் முன்பணம் போடுகிறவர்கள்தான். கடைசியில் கட்டுகிறவர்கள் மூன்று பேர்: அந்தச் சேவையைப் பயன்படுத்துகிறவர், வரி கட்டுகிறவர், சாலையும் குழாயும் வந்ததால் நிலத்தின் விலை ஏறி லாபம் அடைந்தவர். மானியம் என்றாலும் அது வேறு ஊர்க்காரர்கள் கட்டிய வரிதான்.

"நிதி இல்லை" என்று அதிகாரிகள் சொல்வதற்கு நான் புரிந்துகொண்ட அர்த்தம், கடன் கொடுக்க ஆள் இல்லை என்பது அல்ல. இந்த மூவரில் யாரிடம் எவ்வளவு வாங்குவது என்று ஊர் இன்னும் தீர்மானிக்கவில்லை என்பதுதான்.

ஊர் அதைத் தீர்மானித்தால் என்ன நடக்கும் என்பதற்கு ஆலந்தூரைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரிந்து இல்லை. இந்தியா முழுக்க நகராட்சி நிர்வாகம் படிக்கிறவர்கள் இந்த ஊரைப் பற்றிப் படிக்கிறார்கள். நம் ஊர்க்காரர்களில் பலருக்குத்தான் தெரிவதில்லை.

சென்னை விமான நிலையத்தை ஒட்டிய ஆலந்தூர் அன்று தனி நகராட்சி. 2001 வாக்கில் மக்கள்தொகை ஒன்றரை லட்சத்தை நெருங்கியிருந்தது. ஆனால் பாதாளச் சாக்கடை கிடையாது. வீட்டுக்கு வீடு செப்டிக் டேங்க், அதை உறிஞ்ச லாரி, லாரி எங்கே கொண்டுபோய்க் கொட்டுகிறது என்று கேட்டால் பதில் இருக்காது. குளித்த தண்ணீரும் துவைத்த தண்ணீரும் தெருவோரச் சாக்கடையில் நின்று கொசு வளர்த்தன. இன்று நம் மாநிலத்தில் வேகமாக வளரும் எந்தப் புறநகரையும் இதே வார்த்தைகளில் விவரிக்கலாம்.

1996 உள்ளாட்சித் தேர்தலில் ஆர்.எஸ்.பாரதி நகர்மன்றத் தலைவரானார். பாதாளச் சாக்கடை கொண்டுவருவது என்று முடிவெடுத்தபோது மொத்தச் செலவு சுமார் 34 கோடி ரூபாய் என்று கணக்கு வந்தது. அந்த நகராட்சியின் அன்றைய நிலைக்கு அது மலைப்பான தொகை. முழுக்கக் கடன் வாங்கினால் அடைக்க முடியாது. முழு மானியத்துக்குக் காத்திருந்தால் எப்போது வரும் என்று சொல்ல முடியாது. அப்போதுதான் மக்களிடமே கேட்பது என்ற முடிவு வந்தது. ஒவ்வொரு வீடும் இணைப்புக்கு முன்பணமாக 5,000 ரூபாய், கடை, தொழிற்கூடங்கள் 10,000 ரூபாய். இணைப்பு வந்தபின் வீட்டுக்கு மாதம் 150 ரூபாய் கட்டணம்.

1990-களின் கடைசியில் 5,000 ரூபாய் என்பது ஒரு நடுத்தரக் குடும்பத்துக்கு யோசிக்கவைக்கிற தொகை. அதுவும் ஒரு குழாய்கூடப் பதிக்காத நிலையில், அரசாங்கத்தை நம்பி முன்கூட்டியே கட்ட வேண்டும். இதைக் கேட்கவே பெரும்பாலான அரசியல்வாதிகள் துணிய மாட்டார்கள். ஆலந்தூரில் கேட்டார்கள். கேட்பதற்கு முன்னால் மக்கள் எவ்வளவு கட்டத் தயாராக இருக்கிறார்கள் என்று ஆய்வு நடத்தினார்கள். குடியிருப்போர் நலச் சங்கங்களைத் தெருத் தெருவாகக் கூட்டிப் பேசினார்கள். செப்டிக் டேங்க் கட்டவும் அதை வருடா வருடம் காலி செய்யவும் ஏற்கனவே எவ்வளவு செலவாகிறது என்று மக்களையே கணக்குப் போடச் சொன்னால், மாதம் 150 ரூபாய் அவ்வளவு பெரிதாகத் தெரியாது.

எனக்கு முக்கியமாகப் படுவது அடுத்து அவர்கள் செய்ததுதான். வாங்கிய பணத்தை நகராட்சியின் பொதுக் கணக்கில் போடவில்லை. தனிக் கணக்கில் போட்டார்கள். சம்பளம் போட, தெருவிளக்கு மாற்ற, தேர்தலுக்கு முன் அவசரமாக ஒரு சாலை போட என்று அதில் கைவைக்க முடியாது. 5,000 ரூபாய் கட்டிய ஒருவர், என் பணம் எங்கே என்று கேட்டால் பதில் சொல்ல முடியும் என்ற நிலை அங்கே இருந்தது. நகராட்சிகளின் பணக் கஷ்டத்துக்குப் பின்னால் பெரும்பாலும் இருப்பது ஏழ்மையைவிட அவநம்பிக்கைதான் என்று நான் உறுதியாக நம்புகிறேன். அதற்கு இந்தத் தனிக் கணக்கைவிட நல்ல மருந்தை நான் பார்த்ததில்லை.

மக்கள் கட்டியது மொத்தச் செலவில் கால் பங்குக்குக் குறையாது. மிச்சத்துக்கு டுஃபிட்கோ எனப்படும் தமிழ்நாடு நகர்ப்புற நிதி நிறுவனமும், தமிழ்நாடு நகர்ப்புற மேம்பாட்டு நிதியமும் கடனும் மானியமுமாகக் கொடுத்தன. கட்டண வசூல் பராமரிப்புக்குப் போதவில்லை என்றால் பற்றாக்குறையை ஈடுகட்டுவதாக மாநில அரசு ஒப்புக்கொண்டிருந்தது. பெருங்குடியில் அமைந்த சுத்திகரிப்பு நிலையத்தைத் தனியார் தம் பணத்தில் கட்டி, சுத்திகரிக்கும் அளவுக்கு ஏற்பக் கட்டணம் வாங்கிக்கொண்டு, ஒப்பந்தக் காலம் முடிந்ததும் ஒப்படைக்க வேண்டும் என்று ஏற்பாடு. 24 எம்.எல்.டி., அதாவது நாளுக்கு 2.4 கோடி லிட்டர், என்று திட்டமிட்டாலும் முதல் கட்டமாகப் பாதி அளவுக்குத்தான் கட்டினார்கள். வளரும் ஊருக்கு இது சரியான முறை. குழாயை மட்டும் முப்பது வருட வளர்ச்சிக்குக் கணக்கிட்டுப் பதிக்க வேண்டும். ஒருமுறை புதைத்தால் மறுபடி தோண்ட முடியாது. சுத்திகரிப்பு நிலையத்தைப் பகுதி பகுதியாகக் கட்டிக்கொள்ளலாம். இரண்டையும் ஒரேயடியாகப் பெரிதாகக் கட்டினால், கழிவுநீரே வராத தொட்டிக்கு வட்டி கட்டிக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

2000-இல் வேலை தொடங்கி, சில வருடங்களில் இணைப்புகள் வந்தன. 2011-இல் ஆலந்தூர் சென்னை மாநகராட்சியோடு சேர்ந்துவிட்டது. அந்த ஆண்டுதான் 174 சதுர கிலோமீட்டராக இருந்த மாநகராட்சி 426 சதுர கிலோமீட்டராக விரிந்தது. அன்று சேர்ந்த பல புறநகர்ப் பகுதிகள் சாக்கடை இணைப்புக்காக வருடக்கணக்கில் காத்திருந்தன. ஆலந்தூர் தன் குழாய்களோடு வந்து சேர்ந்தது.

இதைக் கேட்டதும், சரி, எல்லா ஊரிலும் மக்களிடம் 5,000 வாங்கிவிடலாமே என்று தோன்றும். ஆலந்தூர் பெரும்பாலும் நடுத்தர வர்க்கத்து ஊர். நிரந்தர வருமானம் உள்ளவர்கள், சொந்த வீட்டுக்காரர்கள் அதிகம். தினக்கூலிக் குடும்பங்கள் அதிகம் உள்ள ஊரில் அதே தொகையை அப்படியே வைத்தால், குழாய் தெருவரை வரும், வீட்டுக்குள் வராது. இப்போது பல ஊர்களில் நடப்பது அதுதான். கோடிக்கணக்கில் செலவழித்துக் குழாய் பதித்துவிட்டு, வீட்டு இணைப்புக்குப் பணம் கட்ட ஆள் வராமல் மேன்ஹோல் மூடிகள் மட்டும் சாலையில் கிடக்கின்றன. இணைப்புச் செலவைத் தவணையில் வாங்குவது, ஏழைகளுக்கு இலவசமாகக் கொடுப்பது ஆகியவற்றையும் திட்டச் செலவுக்குள்ளேயே சேர்த்துவிட வேண்டும். அதைச் சலுகை என்று பார்க்கக் கூடாது. இணைப்பு இல்லாத சாக்கடை யாருக்கும் பயன்படாது, கடனை அடைக்கவும் உதவாது.

இனி திருப்பூர். முறை வேறு, ஊர் வேறு, பாடமும் வேறு.

1990-களில் பனியன் ஏற்றுமதி ஏறிக்கொண்டே போனது. சாயப்பட்டறைகளுக்குத் தண்ணீர் வேண்டும், ஊரில் தண்ணீர் இல்லை. லாரித் தண்ணீர் வாங்கியே தொழில் ஓடியது. 1995-இல் மாநில அரசு, திருப்பூர் ஏற்றுமதியாளர்கள் சங்கம், ஐ.எல்.எஃப்.எஸ். நிதி நிறுவனம் ஆகியவை சேர்ந்து புதிய திருப்பூர் பகுதி மேம்பாட்டுக் கழகம் என்ற நிறுவனத்தை அமைத்தன. பவானி அருகே காவிரியில் எடுத்து நாளுக்கு 185 எம்.எல்.டி., அதாவது 18.5 கோடி லிட்டர், தண்ணீர் கொண்டுவருவது திட்டம். செலவு ஆயிரம் கோடியைத் தாண்டியது. இந்தியாவில் தனியார் பங்கோடு அந்த அளவில் நடந்த முதல் குடிநீர்த் திட்டம் அது. பட்டறைகள் வீடுகளைப் போலப் பல மடங்கு விலை கொடுக்கும், அந்த வருமானத்தில் வீடுகளுக்கும் வழியிலுள்ள கிராமங்களுக்கும் குறைந்த விலையில் தண்ணீர் போகும். காகிதத்தில் பார்த்தால் அழகான கணக்கு. 2005 வாக்கில் தண்ணீரும் வந்தது.

ஆனால் கணக்கு முழுக்க ஒரே ஒரு வாடிக்கையாளர் கூட்டத்தின் மேல் நின்றது. அந்தப் பட்டறைகளின் கழிவுநீர் நொய்யலைக் கெடுத்து, ஒரத்துப்பாளையம் அணையையே சாயக் குட்டை ஆக்கியிருந்தது. விவசாயிகள் வருடக்கணக்கில் வழக்கு நடத்தினார்கள். கழிவு ஒரு சொட்டும் வெளியே போகக்கூடாது என்ற உத்தரவு நிறைவேறாத நிலையில், 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. தண்ணீர் வாங்குவது சரிந்தது. பிறகு பட்டறைகள் திறந்தபோது, கழிவுநீரைச் சுத்திகரித்துத் திரும்பப் பயன்படுத்தும் முறைக்கு வந்திருந்தன. ஊருக்கும் ஆற்றுக்கும் அது மிக நல்ல செய்தி. ஆனால் புதுத் தண்ணீர் வாங்கும் தேவை குறைந்தது. கடன் கொடுத்தவர்களின் தவணை மட்டும் குறையவில்லை. நிறுவனம் கடும் நிதிச் சிக்கலில் மாட்டியது.

இதை வைத்துத் தனியார் வந்தாலே கெடும் என்று முடிவுகட்ட மாட்டேன். குழாய் வேலை செய்தது, தண்ணீர் வந்தது. பிழை எங்கே என்றால், தண்ணீரை உள்ளே கொண்டுவரத் திட்டம் போட்டவர்கள், அது கழிவாக வெளியே போவதைத் தனிக் கதையாக விட்டார்கள். நகரத்துக்குத் திட்டமிடும்போது குடிநீரும் கழிவுநீரும் ஒரே தாளில் இருக்க வேண்டும். வீட்டுக்கு நூறு லிட்டர் தண்ணீர் கூடுதலாகக் கொடுத்தால், அதில் சுமார் எண்பது லிட்டர் சாக்கடையாகத் திரும்பி வரும் என்பது பொறியாளர்களின் வழக்கமான கணக்கு. இதை மறந்து குடிநீர்த் திட்டத்தை மட்டும் திறந்துவைக்கும் ஊர்களில், அடுத்த சில ஆண்டுகளிலேயே தெருக்கள் நாற ஆரம்பித்துவிடும்.

கடன் வாங்கும் வழிகளைப் பற்றி அதிகம் கேட்கிறார்கள், அதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். நகராட்சிகள் நேரடியாகச் சந்தையில் கடன் பத்திரம் வெளியிடலாம். அகமதாபாத் 1998-இல் 100 கோடி ரூபாய்க்கு மாநில அரசின் உத்தரவாதம் இல்லாமலே வெளியிட்டது. அதற்கு முன் சில ஆண்டுகள் வரி வசூலை ஒழுங்குபடுத்திப் பற்றாக்குறையை உபரியாக மாற்றியிருந்தார்கள், அதனால் முடிந்தது. மதுரை 2001-இல் உள்வட்டச் சாலைக்காக 30 கோடிக்குப் பத்திரம் வெளியிட்டது. சாலையில் வசூலிக்கும் சுங்கக் கட்டணத்திலிருந்து அடைப்பது ஏற்பாடு. சென்னை மாநகராட்சிகூட 2025-இல் மழைநீர் வடிகாலுக்காகச் சுமார் 200 கோடி திரட்டியது.

இவை பெரிய ஊர்கள். உங்கள் ஊர் போன்ற நடுத்தர ஊருக்குப் பொருத்தமானது 2002-இல் தமிழ்நாடு செய்தது. 13 சிறிய, நடுத்தர உள்ளாட்சிகளின் குடிநீர், சுகாதாரத் தேவைகளை ஒன்றாகக் கட்டி, அவற்றுக்காக ஒரே நிதியம் சுமார் 30 கோடிக்குப் பத்திரம் வெளியிட்டது. தனியாகப் போனால் எந்த முதலீட்டாளரும் திரும்பிப் பார்க்காத ஊர்கள் அவை. கடனை அடைக்கும் திறனுக்குத் தரமதிப்பீடு வாங்கும் செலவே கட்டுப்படியாகாது. சேர்ந்து போனதால் பதினைந்து வருடக் கடன் கிடைத்தது. ஒரு ஊர் தவணை தவறினால், அதற்கு வரவேண்டிய மாநில நிதிப் பகிர்விலிருந்து பிடித்துக்கொள்ளலாம் என்ற நிபந்தனையும், அமெரிக்க அரசின் உதவி நிறுவனம் கொடுத்த பகுதி உத்தரவாதமும் முதலீட்டாளர்களுக்குத் தைரியம் கொடுத்தன. இவ்வளவு நல்ல முறை ஏன் வருடந்தோறும் நடக்கிற வழக்கமாகவில்லை என்பது எனக்கு உண்மையான வருத்தம்.

கடன் தருகிறவர் முதலில் பார்ப்பது சொத்து வரியை. அங்கேதான் நாம் சறுக்குகிறோம். சென்னையில் 1998-க்குப் பிறகு 2022 வரை, 24 ஆண்டுகள், ஊர் முழுக்கச் சொத்து வரியை மாற்றியமைக்கும் பொதுச் சீராய்வு எதுவும் நிலைக்கவில்லை. நடுவில் 2018-இல் ஏற்றினார்கள், 2019-இல் திரும்பப் பெற்றார்கள். அந்தக் கால் நூற்றாண்டில் மனை விலை எத்தனை மடங்கு ஏறியது என்று சென்னையில் வீடு தேடிய யாரையும் கேளுங்கள். 24 ஆண்டுகள் சும்மா இருந்துவிட்டு ஒரேயடியாக ஏற்றியபோது, மத்தியப் பகுதியில் பெரிய வீடுகளுக்கு 150 சதவீதம் வரை கூடியது, மக்கள் கொதித்தார்கள். அவர்கள் கோபத்தில் நியாயம் உண்டு. ஆண்டுக்குக் கொஞ்சமாக ஏறியிருந்தால் யாருக்கும் வலித்திருக்காது. அதைவிட, 2016 முதல் 2022 வரை தமிழ்நாட்டு நகரங்களில் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றமே இல்லை. வரியை ஏற்றுகிறேன், பதிலுக்கு இதைச் செய்துகாட்டுகிறேன் என்று ஊருக்கு வாக்குக் கொடுக்க ஆளில்லாமல் வரியை மட்டும் ஏற்றினால் அது எப்படி ஏற்கப்படும்?

மூன்றாவது ஆளைப் பற்றி, அதாவது நிலவிலை ஏறி லாபம் அடைந்தவரைப் பற்றி, நாம் பேசுவதே இல்லை. எனக்கு இந்தப் பகுதிதான் எல்லாவற்றையும்விட முக்கியம். திட்டமிடுவதும் பணம் திரட்டுவதும் ஒன்றாகச் சேரும் இடம் இது.

தி.நகரை எடுத்துக்கொள்ளுங்கள். 1920-இன் மதராஸ் நகரமைப்புச் சட்டத்துக்குப் பிறகு, மாம்பலத்தை ஒட்டிய பெரிய ஏரியைத் தூர்த்து, சாலைகளையும் பூங்காவையும் முதலில் வரைந்து, பிறகு மனைகளை விற்று உருவாக்கியது அது. ஏரியைத் தூர்த்ததை இன்று யாரும் நியாயப்படுத்த மாட்டார்கள். மழை நாட்களில் அதன் விலையைத் தி.நகர் இன்னும் கொடுத்துக்கொண்டிருக்கிறது. ஆனால் தெருவை முதலில் போட்டு வீட்டைப் பிறகு கட்டுகிற வரிசை சரியானது. பிற்பாடு வந்த அண்ணா நகர், கே.கே. நகரிலும் அதே வரிசைதான். அதனால்தான் அங்கே குழாய் பதிக்கத் தெருவில் இடம் இருக்கிறது. புறநகரின் அங்கீகாரமில்லாத மனைப்பிரிவுகளில் இருபது அடிச் சந்தில் எதைப் பதிப்பது?

குஜராத்தில் இந்த முறையைக் கைவிடவே இல்லை. ஊர் விரியப்போகும் பக்கத்து வயல்களை ஒரு நூறு ஹெக்டேர் போல ஒன்றாகச் சேர்த்து, சாலை, பூங்கா, பள்ளிக்கு இடம் ஒதுக்கி, மிச்சத்தைச் சீரான மனைகளாக அதே உரிமையாளர்களுக்குத் திருப்பிக் கொடுக்கிறார்கள். 1976-ஆம் ஆண்டுச் சட்டப்படி சாலைக்கு 15 சதவீதம், பூங்காவுக்கு 5, சமூகத் தேவைகளுக்கு 5, விற்றுப் பணமாக்க 15 சதவீதம் வரை எடுக்கலாம். நிலத்தில் நாலில் ஒரு பங்கு அல்லது அதற்கு மேலும் போனாலும், மிச்ச நிலம் சாலையை ஒட்டிய மனையாக மாறுவதால் உரிமையாளருக்கு நட்டமில்லை. ஏறிய மதிப்பில் ஒரு பங்கையும் மேம்பாட்டுக் கட்டணமாக வாங்குகிறார்கள். அகமதாபாத்தைச் சுற்றி 76 கிலோமீட்டர் வட்டச் சாலை வந்தபோது, அதற்கான நிலத்தில் பெரும்பகுதி இப்படித்தான் கிடைத்தது. விவசாயியை வெளியேற்றாமல், நீதிமன்றத்தில் பல ஆண்டுகள் நிற்காமல் நிலம் கிடைக்கிறது என்பதே பெரிய விஷயம்.

நம்மிடமும் கருவிகள் இல்லாமல் இல்லை. 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனையில் பத்து சதவீதம் திறந்தவெளியாக ஒப்படைக்க வேண்டும். பெரிய கட்டடங்களிடம் உள்கட்டமைப்புக் கட்டணம் வாங்குகிறார்கள். அனுமதித்ததைவிடக் கூடுதலாகத் தளம் கட்ட விரும்பினால், சாலை அகலத்தைப் பொறுத்து, பணம் கட்டி அனுமதி வாங்கலாம். குறை என்னவென்றால், இந்தப் பணம் எந்தப் பகுதியிலிருந்து வந்ததோ அந்தப் பகுதியின் குழாய்க்கே போகும் என்ற பிணைப்பு இல்லை. மாநில அளவிலான நிதியில் போய்ச் சேருகிறது. பழைய மகாபலிபுரம் சாலையில் மாடி மேல் மாடியாகக் கட்டியவர்கள் கட்டணமும் கட்டினார்கள், லாரித் தண்ணீரும் வாங்கினார்கள். அங்கே ஆறு வழிச் சாலை 2008-லேயே வந்துவிட்டது. குடிநீரும் சாக்கடையும் பல ஆண்டுகள் பின்னால் வந்தன. தனித்தனி அமைப்புகள், தனித்தனி கால அட்டவணை. ஊர் எப்படி வளர வேண்டும் என்று வரையும் சென்னையின் முதல் பெருந்திட்டம் (மாஸ்டர் பிளான்) 1976-இல் வந்தது, இரண்டாவது 2008-இல். இடையில் 32 ஆண்டுகள் ஊர் தன்போக்கில் வளர்ந்தது.

எல்லாவற்றையும் ஊரே தாங்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. சென்னை மெட்ரோ இரண்டாம் கட்டம் 118.9 கிலோமீட்டர், 63,246 கோடி ரூபாய். இதை எந்த மாநகராட்சியும் சுமக்க முடியாது. ஒன்றிய அரசு 2024 அக்டோபரில் ஒப்புதல் கொடுக்கும்வரை பெரும் சுமை மாநிலத்தின் தலையில் இருந்தது. பயணக் கட்டணம் ரயிலை ஓட்டப் போதுமானால் பெரிது, கட்டிய கடனை அடைக்காது. இந்த மாதிரித் திட்டங்களுக்குப் பொதுவரிதான் வழி, அது தப்பும் இல்லை. 2022-இல் உலக வங்கி போட்ட கணக்குப்படி இந்திய நகரங்களுக்குப் பதினைந்து ஆண்டுகளில் 84,000 கோடி டாலர் வேண்டும். அந்த அளவு பணத்தில் எது பயனாளியிடமிருந்து, எது வரியிலிருந்து, எது நிலத்திலிருந்து என்று பிரித்துக்கொள்வது ஒவ்வொரு ஊரும் உட்கார்ந்து செய்ய வேண்டிய வேலை. என் கணிப்பில் தண்ணீரும் சாக்கடையும் அன்றாடம் ஓடும் செலவையாவது கட்டணத்தில் எடுத்துவிட வேண்டும். மழைநீர் வடிகால், நடைபாதை, தெருவிளக்குக்கு யாரிடமும் தனியாகக் கட்டணம் கேட்க முடியாது, அவை சொத்து வரியில் வர வேண்டும். புதுச் சாலைகளும் புறநகர் விரிவாக்கமும் நிலத்தின் மேல் நிற்கட்டும்.

உங்கள் ஊருக்கு வருவோம். புதிதாகச் சேர்ந்த கிராமங்களில் இன்னும் வயலாக இருக்கும் பக்கம் எது என்று பாருங்கள். பெரிய சாலைகளின் தடத்தை அங்கே இப்போதே வரைந்து அறிவிக்க வைக்க முடிந்தால் அதைவிட மலிவான திட்டம் கிடையாது. ஐந்து வருடம் கழித்து அதே தடத்துக்கு வீடுகளை இடித்து நஷ்டஈடு கொடுக்க வேண்டியிருக்கும். ஏற்கனவே மனை போட்டு விற்றுவிட்ட பக்கத்தில், 2016 அக்டோபருக்கு முந்தைய அங்கீகாரமில்லாத மனைகளுக்காக 2017-இல் வந்த வரன்முறைத் திட்டத்தில் உங்கள் உள்ளாட்சி எவ்வளவு கட்டணம் வசூலித்தது, அது எதற்குச் செலவானது என்று கேளுங்கள். அந்தப் பணம் அந்தத் தெருக்களுக்கே போக வேண்டிய பணம்.

அப்புறம், பாதாளச் சாக்கடைக்கு விரிவான திட்ட அறிக்கை தயாராகியிருந்தால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனுப் போட்டு வாங்கிப் பாருங்கள். நூற்றுக்கணக்கான பக்கம் இருக்கும், பயப்பட வேண்டாம். கட்டுமானச் செலவுப் பக்கத்தை எல்லாரும் பார்ப்பார்கள். நீங்கள் பின்னால் வரும் இயக்கம், பராமரிப்பு அட்டவணையைத் தேடுங்கள். ஐந்தாம் வருடம், பத்தாம் வருடம் பம்பு ஓட்ட மின்சாரக் கட்டணம் எவ்வளவு, ஆட்கள் சம்பளம் எவ்வளவு, அதற்கு எதிரே எத்தனை வீடுகள் இணையும் என்று நம்பியிருக்கிறார்கள், வீட்டுக்கு மாதம் எவ்வளவு கட்டணம் என்று எழுதியிருக்கிறார்கள் என்று பாருங்கள். எல்லா வீடும் முதல் வருடமே இணைந்துவிடும் என்றோ, கட்டணம் பத்து வருடம் ஏறாது என்றோ எழுதியிருந்தால் அந்த ஒரு பக்கத்தை நகல் எடுத்துக்கொண்டு உங்கள் வார்டு கவுன்சிலரிடம் போங்கள். தனிக் கணக்கு, இணைப்புக்குத் தவணை, ஆண்டுதோறும் வரவு செலவைத் தெருவில் ஒட்டுவது என்ற மூன்றையும் மன்றத் தீர்மானத்தில் எழுதி வாங்க முடியுமா என்று கேளுங்கள். டெண்டர் விடுவதற்கு முன்னால் கேட்டால்தான் பிரயோஜனம்.